அடுப்பு வாடகை

ஆறு அறை, ஆறு ஸ்டவ்.
குக்கர், தவா, வாளி எல்லாம் நாள்கணக்கில் வாடகை.
பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில்
பூங்காவனம் லாட்ஜ் எங்கே என்று கேட்டால்
ஆட்டோக்காரர்கள் வழி சொல்வார்கள்.
சொல்லிவிட்டு அவர்கள் சிரிப்பது
சிகிச்சைக்கு வரும் வங்காளிகளுக்குப் புரிவதில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், ஆராய்ச்சியாம்.
ரிக்கார்டரைப் புளிக்கரைசல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து
"ஏன்மா அந்த மாதிரிப் படங்களுக்குப் போனீங்க?" என்றாள்.
கேட்கும்போதே கண்ணில் ஈரம் தயார்.
அதை வீணாக்க மனசில்லைதான்,
ஆனாலும் கணக்கைச் சொன்னேன்:
ராணிப்பேட்டையில் ஷூ மேல்தோல் தைத்தால்
நாளுக்கு முப்பத்திரண்டு ரூபாய், நாற்றம் இலவசம்.
மெட்ராஸில் ஒரு நாளுக்கு மூவாயிரம்,
மத்தியானம் பிரியாணி, முட்டையோடு.
நீயே சொல்லு.

அவள் சொல்லவில்லை.
"யாராவது ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்களா?"
கூட்டிப்போனது ஏலகிரி எக்ஸ்பிரஸ்.
காட்பாடியில் டிக்கெட் எடுத்தது நான்.
அப்போது எனக்கு இருபத்து நாலு.
ஏமாற்றியது பிறகு, பணத்தில்.
கடைசிப் படத்துக்கு இன்னும் பதினோராயிரம் பாக்கி,
அதை எழுதிக்கோ.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
எங்கள் ஊரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு:
தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
சாமி திரும்பி வந்துவிட்டார்.
பாலாற்றில்கூட எப்போதாவது தண்ணீர் வருகிறது.
கடைசி வரிதான் அசையாமல் நிற்கிறது,
அழகு இல்லாத பொம்பளைங்க.
கணக்கு வாத்தியார் அதைச் சொல்லிச் சிரித்தபோது
முதல் இரண்டு பெஞ்சில் நாங்கள் பதினேழு பேர்.

காலைக்காட்சிக்கு என் முகத்தை ஒட்டினார்கள்,
மண்டித் தெருவில், பழைய பஸ் ஸ்டாண்டில்,
அகழிக்கு எதிரே ஒரு மூத்திரச் சுவரில்.
பெயர் ஷைனி.
(பூங்காவனம்னா எவன்மா வருவான், என்றார் புரொடியூசர்.)
சைக்கிளை நிறுத்தி ஒருத்தன் பார்த்தான்
கேனிலிருந்து பால் வழிவது தெரியாமல்.
முக்காடு போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன்.
அன்று அந்த இடத்தில்
கோட்டைப் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு என்னைத் தெரியாதவர்கள் இல்லை,
தெரியும் என்று சொன்னவர்களும் இல்லை.
பேங்க் மேனேஜர் கையெழுத்தை இரண்டு தடவை சரிபார்த்தார்,
முகத்தை ஒரு தடவைகூட இல்லை.
கவுன்சிலர் ஓட்டு நோட்டீசைக்
கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடினார்.
ரேஷன் கடையில் பாமாயில் ஊற்றுகிறவன் மட்டும்
தலை நிமிராமல்
எனக்குக் கொஞ்சம் கூடவே ஊற்றுவான்.
நிறையப் பேர் வீட்டில் ஷீல்டு வைத்திருக்கிறார்கள்,
எனக்கு அந்தப் பாமாயில்.

நேற்று முன்தினம் நாலாம் அறைக்கு சிலிகுரிக்காரர் வந்தார்.
தொண்டையில் ஆபரேஷன், குழலில் மூச்சு, பேச்சு கிடையாது.
கூட மனைவி, சங்கு வளையல்.
ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காட்டினேன்.
அவர் நெருப்பைப் பார்க்கவில்லை.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்,
முந்தானையை இழுத்துச் செருகினேன்.
சிலேட்டை எடுத்து என்னமோ எழுதி
மனைவியிடம் நீட்டினார்.
அவள் படித்தாள், என்னைப் பார்த்தாள்.
நான் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"ஈரோயின்?" என்றாள்.
தலையாட்டினேன்.
"டப்பிங்," என்றாள், "மார்னிங் ஷோ."
கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கையையும் கூப்பினாள்.
அவர் குழல் வழியே ஒரு சத்தம்,
இருமலா சிரிப்பா தெரியவில்லை.

இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஓர் ஆள்
பெண்டாட்டி எதிரில் என்னைத் தெரியும் என்றிருக்கிறார்,
அதுவும் குரல் போன பிறகு.

அன்றைக்கு அடுப்பு வாடகை எழுத மறந்துபோனேன்.
மறுநாள்
இரண்டு நாளுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.